கல்லில் மிஞ்சிய கான்சல்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய தினம் சரித்திர சம்பந்தமாக ஏதாவது பேச வேண்டுமென்று இவ்வாசகசாலை நண்பர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். சரித்திரம் என்றவுடனே அலெக்சாண்டர், சீசர், நெப்போலியன் என்று பெரிய பெயர்களாக எடுத்து விடுவோம் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருக்கலாம். நாம் பேசப் போவதோ உங்களில் ஒருவரும் கேள்விப்பட்டிராத ஒரு மனிதனைப் பற்றியாகும். அவன் பெயர் ஹொனராத்தியானஸ். கி. பி. 260ஆம் வருஷத்தில் ரோம சாம்ராஜ்யத்தின் ஒரு பகுதியிலே கான்சல் என்கின்ற பெரிய பதவியில் இருந்தவன். அவன் யாருக்குப் பிறந்தான், எங்கே வளர்ந்தான், என்ன சாதித்தான் என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. 1992ஆம் வருஷம் வரையில் இப்படி ஒருவன் அந்த ஆண்டில் கான்சலாக இருந்தான் என்கின்ற சங்கதியே மெத்தப் படித்த பண்டிதர்களுக்குக் கூடத் தெரியாது.

அந்த வருஷத்தில் ஜெர்மனி தேசத்து ஆக்ஸ்பர்க் நகரத்திலே பூமியைத் தோண்டியபோது, லெக் ஆறு எப்போதோ ஓடிவிட்டுப் போன பழைய கால்வாயின் கூழாங்கற்களுக்குள்ளே ஒரு கல் பீடம் அகப்பட்டது. பூசை போடுகின்ற பீடம். அதிலே எழுத்து வெட்டியிருந்தது. அந்த எழுத்தின் கடைசி வரியிலேதான் நமது ஹொனராத்தியானஸ் உட்கார்ந்திருக்கிறான். நாம் கல்லூரியில் படித்தவரல்லர். லத்தீன் பாஷையும் நமக்குத் தெரியாது. அதை வாசித்தறிந்த ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு, நமது புத்திக்கு எட்டின மட்டும் பேசுகிறோம்.

ஒரு பெயரைத் தவிர வேறொன்றுமில்லாத மனிதனைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்தக் கல்லில் யார் யாரைக் கூப்பிட்டு எந்தெந்த இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் நிரம்ப இருக்கிறது.

கல்லிலுள்ள சங்கதியை நமது வார்த்தையில் சொல்லுகிறோம். முதலாவதாக, அது தெய்வீகக் குடும்பத்தின் மரியாதைக்காக என்று ஆரம்பிக்கிறது. தெய்வீகக் குடும்பம் என்றால் ஏதோ கைலாயத்திலிருப்பது என்று நினைத்து விடாதீர்கள். சக்கரவர்த்தியின் வீட்டுக்குத்தான் அந்தப் பெயர். அதற்கடுத்தாற்போல் விக்டோரியா என்னும் பரிசுத்தமான பெண் தெய்வத்துக்கு. நம்மை ஆண்ட மகாராணி அல்ல. அந்த அம்மாளின் பெயரும் இந்தத் தெய்வத்தின் பெயரும் ஒன்றுதான். வெற்றி என்கின்ற ஒரு சொல்லுக்குச் சிறகு முளைக்க வைத்து, சேலை உடுத்தி, தெய்வம் என்று வைத்துக் கொண்டார்கள். அப்புறம் செம்னோனர் அல்லது யூதுங்கர் என்கின்ற காட்டுமிராண்டி ஜாதியார் ஏப்ரல் 24, 25 தேதிகளில் வெட்டப்பட்டும் துரத்தப்பட்டும் போன செய்தி. யாரால் என்றால், ரேஷியா மாகாணத்துப் போர் வீரர்களாலும், ஜெர்மானிய மாகாணங்களின் வீரர்களாலும், அவர்களோடு உள்ளூர் ஜனங்களாலும். பல ஆயிரம் இத்தாலியக் கைதிகள் விடுவிக்கப்பட்டார்களாம். அதனால் தன்னுடைய வேண்டுதல் பலித்துவிட்டதென்று, கவர்னருக்குப் பதிலாக மாகாணத்தைப் பார்த்துக் கொண்டிருந்த மார்க்கஸ் சிம்ப்ளிசினியஸ் ஜெனியாலிஸ் என்பவன், அதே சேனையோடு சேர்ந்து, சந்தோஷமாக இந்தப் பீடத்தை வைத்தான். பிரதிஷ்டை செய்த நாள் செப்டம்பர் 11. வருஷம், போஸ்டமஸ் சக்கரவர்த்தியும் ஹொனராத்தியானஸும் கான்சலாக இருந்த வருஷம்.

இவ்வளவுதான். வருஷத்தின் பெயராகத்தான் நமது கான்சல் உயிரோடிருக்கிறான். நமக்குப் பிரபவ, விபவ என்று வருஷத்துக்குப் பெயரிருப்பது போல ரோமருக்கு அந்தந்த வருஷத்துக் கான்சல்கள் இருவருடைய பெயரே வருஷத்தின் பெயர். கடன் பத்திரம் எழுதுவதானாலும், கல்லில் வெட்டுவதானாலும், இன்னார் இன்னார் கான்சலாயிருக்கையில் என்று எழுதினால்தான் தேதியாகும்.

அந்தப் பதவியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோமர் தங்கள் அரசனைத் துரத்தினது கி. மு. 509 என்பது அவர்கள் சொல்லிக் கொள்ளும் கணக்கு. இனி ஒருவன் கையில் அதிகாரம் கூடாது, ஒருவன் தப்பாக நடந்தால் மற்றொருவன் தடுக்க வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இரண்டு பேரை வைத்தார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அந்த இரண்டு பேரும் பத்ரீஷியர் என்னும் மேல் வகுப்பிலிருந்தே வரவேண்டும். பிளீபியர் என்னும் பொது ஜனங்கள் சண்டைக்குப் போகலாம், சாகலாம், வரி கொடுக்கலாம், கான்சலாக மட்டும் கூடாது. ஏன் கூடாது என்று கேட்டதற்கு மேல் வகுப்பார் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். கான்சலாயிருப்பவன் பட்சி பறப்பதைப் பார்த்துச் சகுனம் கேட்க வேண்டும். அந்தச் சகுனத்தின் மூலம் தெய்வம் பேசுவது பத்ரீஷியரோடு மாத்திரம்தான். பிளீபியனோடு தெய்வம் பேசாது. ஆகவே அவனைக் கான்சலாக்கினால் தெய்வ சம்பந்தம் அறுந்து ராஜ்யம் கெட்டுப் போகும். இதைக் கேட்கும்போது உங்களுக்கு வேறு என்னென்னவோ ஞாபகத்துக்கு வருகிறதென்பது உங்கள் சிரிப்பிலிருந்து தெரிகிறது. நாம் ரோமாபுரியைப் பற்றியே பேசுகிறோம்.

பொது ஜனங்கள் விடவில்லை. தலைமுறை தலைமுறையாகப் போராடி கி. மு. 367இல் இரண்டு கான்சல்களில் ஒருவன் பிளீபியனாயிருக்கலாமென்று சட்டம் கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷமே ஒருவன் ஆனான். ஆகாயம் இடிந்து விழுந்துவிட்டதா? இல்லை. இத்தாலி முழுவதையும் ரோமர் ஜெயித்ததும், கடல் கடந்து போனதும் இதற்குப் பிறகுதான். தெய்வம் யாரோடு பேசினதோ தெரியாது. பட்சிகள் மாத்திரம் முன் போலவே பறந்து கொண்டிருந்தன.

இன்னொரு சங்கதியும் சொல்லாமலிருக்க முடியவில்லை. எந்த நாளில் வழக்குத் தொடரலாம், எந்த நாளில் கூடாது, எந்த வார்த்தையைச் சொல்லி வழக்காட வேண்டும் என்பதையெல்லாம் புரோகிதக் கூட்டத்தார் தங்களுக்குள்ளேயே மறைத்து வைத்துக் கொண்டிருந்தார்கள். நாள் பார்ப்பதற்கு அவர்களிடம் போய் நின்றே தீர வேண்டும். கி. மு. 304இல், அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவனுடைய மகனான நேயஸ் ஃபிளேவியஸ் என்பவன் அந்த நாட்கணக்கை எல்லோரும் பார்க்கும்படி சந்தை வெளியிலே எழுதி வைத்துவிட்டான். நாலு வருஷத்துக்குள் புரோகித சபைகளிலும் பிளீபியருக்கு இடம் கொடுக்க வேண்டியதாய்ப் போயிற்று. இந்தச் சரித்திரத்தைப் பள்ளிக்கூடங்களில் ஒரு வரியில் சொல்லித் தாண்டி விடுவார்கள். யானைப் படையோடு ஹானிபால் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினதற்கு நாலு பக்கம் இருக்கும்.

சகுனத்தை வைத்து நடந்த கூத்து பல உண்டு. கி. மு. 249இல் கிளாடியஸ் புல்கர் என்ற கான்சல் கடற்சண்டைக்கு முன்னே, கப்பலில் வைத்திருந்த தெய்வீகக் கோழிகள் தீனி தின்னவில்லையென்று சொன்னபோது, தின்னாவிட்டால் தண்ணீராவது குடிக்கட்டும் என்று கடலில் தூக்கிப் போடச் சொன்னானாம். சண்டையில் தோற்றான். பக்தர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தாயா, கோழியை அவமதித்ததன் பலன் என்று நூற்றாண்டுக் கணக்காகச் சொல்லி வந்தார்கள். கோழிக்கு வயிறு நிரம்பத் தீனி போட்டுவிட்டுப் போய்த் தோற்ற சேனாதிபதிகளைப் பற்றி மாத்திரம் பேச்சேயில்லை. கி. மு. 59இல் பிபுலஸ் என்ற கான்சல் தன் கூட்டாளியான சீசரை எதிர்க்க வேறு வழியில்லாமல், வீட்டுக்குள் கதவைச் சாத்திக் கொண்டு, நான் ஆகாயத்தில் சகுனம் பார்த்துக் கொண்டிருக்கிறேன், ஆகவே நீ செய்வதொன்றும் செல்லாது என்று சொல்லி அனுப்பிக் கொண்டிருந்தான். சீசர் லட்சியம் செய்யவில்லை. அந்த வருஷத்தை ஜூலியஸும் சீசரும் கான்சலாயிருந்த வருஷம் என்று ஜனங்கள் கேலி பேசினார்கள்.

நிற்க. சக்கரவர்த்திகள் வந்த பிறகு கான்சல் பதவி வெறும் டம்பமாகிவிட்டது. அதிகாரம் முழுவதும் சக்கரவர்த்திக்கு, சால்வை கான்சலுக்கு. ஆனாலும் பெயரைக் கெடுக்கவில்லை. ஜனவரி முதல் தேதி ஊர்வலம், காப்பிட்டல் குன்றிலே வெள்ளைக் காளைகளைப் பலி, ராஜ்யத்தின் க்ஷேமத்துக்கு வேண்டுதல் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

இனி 260க்கு வருவோம். ரோம சாம்ராஜ்யம் அந்தச் சமயத்தில் இருந்த நிலைமை வீடு பற்றியெரியும்போது அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்குச் சண்டை போட்ட மாதிரிதான். 235இல் செவரஸ் அலெக்சாண்டர் என்ற சக்கரவர்த்தியை அவனுடைய சொந்தப் பட்டாளமே கொன்றது முதற்கொண்டு 284 வரையில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் சக்கரவர்த்தியென்று பெயர் சொல்லிக் கொண்டார்கள். 238ஆம் ஒரே வருஷத்தில் ஆறு பேர். இவர்களில் படுக்கையில் படுத்துச் செத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 248இல் ரோமாபுரி பிறந்து ஆயிரம் வருஷமாயிற்றென்று பிலிப் என்ற சக்கரவர்த்தி மிருக வேடிக்கைகளும் விளையாட்டுகளும் நடத்தி, இந்த ராஜ்யம் நித்தியமானது என்று நாணயத்திலும் அடித்தான். அடுத்த வருஷமே அவனும் வெட்டுண்டு போனான்.

நாணயம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நமது கோயம்புத்தூர்ப் பக்கத்திலே பானை பானையாக எடுத்த ரோம வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. மிளகுக்கும் துணிக்கும் நம்மவர் வாங்கிப் போட்ட காசு. தட்டினால் வெள்ளிச் சத்தம் கேட்கும். இந்த 260ஐயொட்டின காலத்தில் ரோமர் அடித்த காசிலே வெள்ளி மளமளவென்று இறங்கி, 268க்குள் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் கீழே போய்விட்டது. செம்பின் மேல் வெள்ளிப் பூச்சு. சக்கரவர்த்தியின் தலை மாத்திரம் சூரியக் கிரீடத்தோடு ஜம்மென்றிருக்கும்.

இதற்கு நடுவே கொள்ளை நோய் வேறே. 249 வாக்கில் ஆரம்பித்து வருஷக் கணக்காக ஊர் ஊராய்ச் சுற்றியது. இந்த ஆபத்துக்கெல்லாம் என்ன பரிகாரம் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஜனங்கள் தெய்வத்தைச் சரியாகக் கும்பிடாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள்! டீசியஸ் சக்கரவர்த்தி, ஒவ்வொருவரும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்து, அந்த மாமிசத்தைச் சாப்பிட்டு, அதிகாரிகள் முன்னிலையில் செய்தோம் என்று சர்ட்டிபிகேட் வாங்கிக் கொள்ள வேண்டுமென்று உத்தரவு போட்டான். 250இல் எழுதிய அப்படிப்பட்ட சர்ட்டிபிகேட்டுகள் எகிப்து தேசத்து மணலுக்குள்ளிருந்து 40க்கு மேல் அகப்பட்டிருக்கின்றன. சர்க்கார் முத்திரையோடு பக்தி! நோய் நிற்கவில்லை. எல்லையும் நிற்கவில்லை. 251இல் டீசியஸே கோத்தர்களோடு சண்டை போட்டு மகனோடு மாண்டான். உடனே கிறிஸ்தவர்கள், பார்த்தாயா, எங்களை வருத்தினதற்கு எங்கள் கடவுள் கொடுத்த தண்டனை என்றார்கள். அதே கொள்ளை நோயில் கிறிஸ்தவர்களும் மற்றவர்களைப் போலவே செத்துக் கொண்டிருந்தார்கள். நம்மவர்கள் ஏன் சாகிறார்கள் என்று கார்த்தேஜ் ஊரிலே சொந்த மந்தையே கேட்டதற்குச் சிப்ரியன் என்ற பாதிரியார் தனியாக ஒரு நூல் எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. நோய்க்கு இரு தரத்தாரும் ஒன்றுதான். கும்பிட்டவனையும் தொட்டது, கும்பிடாதவனையும் தொட்டது.

வலேரியன் என்ற சக்கரவர்த்தி வந்தான். அவன் எப்படி வந்தான் என்பதும் நம் கதைக்குச் சம்பந்தமுள்ளதே. 253இல் அப்போதிருந்த சக்கரவர்த்திக்கு உதவியாகப் பட்டாளம் சேர்க்க ரேஷியாவுக்குப் போனான்; சேர்த்த பட்டாளம் அவனையே சக்கரவர்த்தியென்று கூவிவிட்டது. மாகாணத்தைக் காப்பாற்ற வைத்த வீரர்களைக் கூட்டிக் கொண்டு இத்தாலிக்குப் போனான். எல்லைக் காவல் என்ன ஆயிற்று? ஒவ்வொருவனும் சக்கரவர்த்தியாவதற்கு எல்லையிலிருந்துதான் ஆள் எடுப்பது, எல்லைக்கு அப்பால் இருப்பவன் அதைப் பார்த்துக் கொண்டுதான் இருப்பான். 260இல் வலேரியன் பாரசீகத்து ராஜாவான ஷாப்பூரிடம் எடெஸ்ஸா பக்கத்தில் உயிரோடு அகப்பட்டுக் கொண்டான். ரோமச் சக்கரவர்த்தி ஒருவன் எதிரியிடம் கைதியானது அதுவே முதல் தடவை. அவன் மகன் காலியேனஸ் மேற்கே தத்தளித்துக் கொண்டிருந்தான்.

இந்தக் குழப்பத்திலேதான் யூதுங்கர்கள் இத்தாலிக்குள்ளே புகுந்து, கண்டதைச் சுருட்டிக் கொண்டு, ஆணையும் பெண்ணையும் மந்தை போல் ஓட்டிக் கொண்டு மலை கடந்து திரும்பினார்கள். பல ஆயிரம் என்று கல் சொல்லுகிறது. ஜெயித்தவன் போட்ட கணக்கு என்று பாதியைத் தள்ளுபடி செய்தாலும் கூட்டம் பெரிய கூட்டம்தான். கழுத்தில் கயிற்றோடு நடந்து வந்த அந்தக் கூட்டத்தை மனசில் நிறுத்திக் கொள்ளுங்கள். ரேஷியாவிலே ஒழுங்கான சேனை குறைவு. கவர்னர் கூட இல்லை, பதில் ஆள்தான். அப்படியிருந்தும் இரண்டு நாள் சண்டை போட்டு மீட்டார்கள். யார் மீட்டது? இருந்த வீரர்கள், பக்கத்து மாகாணத்திலிருந்து வந்த வீரர்கள், இவர்களோடு உள்ளூர் ஜனங்கள். கல்லிலே அவர்களுக்குப் போட்டிருக்கிற லத்தீன் வார்த்தை பட்டாளத்துப் பட்டியலில் சேராத சாதாரண ஜனங்களைக் குறிப்பதென்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். உழுது கொண்டிருந்தவனும், பானை வனைந்து கொண்டிருந்தவனும், செருப்புத் தைத்துக் கொண்டிருந்தவனும் கையில் அகப்பட்டதை எடுத்துக் கொண்டு போயிருப்பான். அவர்களுடைய ஊரார் அல்ல கட்டுண்டு வந்தவர்கள். மலைக்கு அப்புறத்து இத்தாலியர். ஆனாலும் போனார்கள்.

நாம் இதைப் படித்தபோது கல்லில் பெயர் வெட்டப்பட்ட ஒவ்வொருவரையும் இந்த ஜனங்களுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். சிறகு வைத்த அம்மாள் அன்றைக்கு எந்தப் பக்கம் ஈட்டி பிடித்தாள்? ஹொனராத்தியானஸ் எந்தப் பக்கம் நின்றான்? கல்லின் ஒரு புறத்தில் மார்ஸ் என்ற யுத்த தெய்வமும், மறு புறத்தில் எதிரியைக் காலடியில் போட்டுக் கொண்டிருக்கும் விக்டோரியாவும் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். குடியானவனுக்கு உருவம் கிடையாது. அவனுக்குக் கிடைத்தது ஒரே வார்த்தை. அந்த வார்த்தையையாவது போட்டானே என்பதற்காக ஜெனியாலிஸ் என்பவனை நாம் கொஞ்சம் மெச்சுகிறோம். மற்ற சேனாதிபதிகள் எழுதி வைத்த கல்லிலெல்லாம் இதைக் காண்பது துர்லபம்.

விடுதலையான கைதிகளின் கதி என்ன ஆயிருக்கும்? ரோமச் சட்டத்திலே இதற்கென்று ஒரு விதி உண்டு. எதிரியிடம் அகப்பட்டவன் எல்லைக்குள் திரும்பி வந்துவிட்டால், இடையில் ஒன்றும் நடவாதது போல அவனுடைய பழைய உரிமைகளெல்லாம் அவனுக்கு வந்துவிடும். நல்ல சட்டம் என்று சந்தோஷப்படுவீர்கள். அதே சட்டத்தில், திரும்பி வருபவன் அடிமையானால் அவன் பழைய எஜமானனுக்கே திரும்பவும் சொந்தம் என்றிருக்கிறது. அந்தக் கூட்டத்திலே பண்ணை வீடுகளிலிருந்து பிடிபட்ட அடிமைகளும் இல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 25 சாயங்காலம் ஒரே கயிற்றில் கட்டியிருந்த இரண்டு பேரை அறுத்துவிட்டால், ஒருவன் சுதந்திரத்துக்குப் போகிறான், மற்றொருவன் எஜமானனிடத்துக்குப் போகிறான். அந்த இரண்டாமவன் விக்டோரியாவுக்கு என்ன நன்றி சொல்லுவான்?

212இலேயே கரகல்லா சக்கரவர்த்தி சாம்ராஜ்யத்திலுள்ள அடிமையல்லாத எல்லோரையும் ரோமப் பிரஜைகள் என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சமம் என்று நினைப்பீர்கள். கோர்ட்டுக்குப் போனால் தெரியும். மேன்மக்கள், எளியோர் என்று இரண்டு பிரிவு. ஒரே குற்றத்துக்கு மேன்மகனுக்கு நாடு கடத்தல், எளியவனுக்குச் சவுக்கடி, சுரங்க வேலை, சிலுவை, மிருகத்துக்கு இரை. பிரஜை என்ற பெயர் இருவருக்கும் ஒன்றுதான், முதுகு வேறு வேறு.

இனி நமது கான்சலைச் சக்கரவர்த்தியோடு சேர்த்து வைத்த கதை. ஜெர்மானிய எல்லையிலே போஸ்டமஸ் என்ற தளகர்த்தன் கொள்ளைக்கு வந்தவர்களை முறியடித்துப் பறித்த சொத்தைத் தன் வீரர்களுக்குப் பங்கு போட்டான். கொலோன் நகரத்தில் இருந்த காலியேனஸின் மகனான சலோனினஸின் ஆட்கள், அதைத் திருப்பிக் கொடு என்றார்கள். சண்டை வந்தது. வீரர்கள் போஸ்டமஸையே சக்கரவர்த்தியென்று கூவி, கொலோனை முற்றுகை போட்டு, சலோனினஸை வாங்கிக் கொன்றார்கள். காலிய தேசம், ஜெர்மானிய மாகாணங்கள், பிரிட்டன், ஸ்பெயின் எல்லாம் போஸ்டமஸ் பக்கம் சேர்ந்தன. கொள்ளைப் பங்கு விஷயமாக வந்த தகராறில் ஒரு சாம்ராஜ்யமே பிறந்தது. ஏப்ரலில் யூதுங்கரோடு சண்டை நடந்தபோது இந்தப் போஸ்டமஸ் இன்னும் சக்கரவர்த்தியாகவில்லை என்பதே பலருடைய முடிவு. செப்டம்பர் 11இல் பீடம் வைக்கும்போது ரேஷியாவின் ஜெனியாலிஸ் அவன் பக்கம் போய்விட்டான். அதனால்தான் கல்லின் தேதி போஸ்டமஸ், ஹொனராத்தியானஸ் என்று வந்தது.

அதே நாளில் ரோமாபுரியிலே ஒரு குமாஸ்தா பத்திரம் எழுதியிருந்தால் வேறு தேதி போட்டிருப்பான். அங்கே காலியேனஸின் கான்சல்கள் செகுலாரிஸ், டோனாட்டஸ் என்ற இருவர். இருவருக்கும் அது இரண்டாந் தடவை. ஒரே சூரியன், ஒரே செப்டம்பர் 11, ஆனால் வருஷத்துக்கு இரண்டு பெயர். ஆக்ஸ்பர்க்கில் ரோமாபுரிக் கான்சலின் பெயரைப் போட்டால் ராஜத்துரோகம், ரோமாபுரியில் ஹொனராத்தியானஸ் என்று போட்டால் ராஜத்துரோகம். நாலு கான்சலும் ஒரே ஜுபிட்டருக்குத்தான் வேண்டுதல் செய்வார்கள். தெய்வம் எந்தக் கட்சி வேண்டுதலை எடுத்துக் கொண்டதோ!

தெய்வத்தின் சங்கதி இருக்கட்டும், கல்லின் சங்கதியைச் சொல்லி முடிக்கிறோம். இந்தக் கல்லே புதுக் கல் அல்ல. முன்னே செவரஸ் அலெக்சாண்டர் காலத்தில் வேறு எதற்கோ வைத்த பீடம். அதிலிருந்த எழுத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு ஜெனியாலிஸ் தன் எழுத்தை வெட்டினான். ஐந்தாறு வருஷத்துக்குள் ரேஷியா மறுபடியும் காலியேனஸ் கைக்குப் போயிற்று. உடனே உளியோடு ஆள் வந்தது. போஸ்டமஸ் பெயரும் ஜெனியாலிஸ் பெயரும் கொத்தப்பட்டன. கூர்ந்து பார்த்தால் இன்னும் எழுத்துத் தடம் தெரிவதனால்தான் நமக்கு இவ்வளவும் தெரிந்தது. போஸ்டமஸ் 269இல், மைன்ஸ் நகரத்தைச் சூறையாட வேண்டாமென்று தடுத்ததற்காகத் தன் வீரர்களாலேயே கொல்லப்பட்டான். அவன் செய்தவற்றில் நமக்குப் பிடித்தது அந்தத் தடுத்தல் ஒன்றுதான். 274இல் ஆரேலியன் வந்து அவனுடைய சாம்ராஜ்யத்தின் மீதியையும் சேர்த்துக் கொண்டான். பீடம் எப்போதோ ஆற்றோடு போய்க் கூழாங்கல்லுக்குள் ஆயிரத்து எழுநூறு வருஷம் கவிழ்ந்து கிடந்தது. தன் பீடத்தை உளிக்காரனிடமிருந்தும் தண்ணீரிடமிருந்தும் காப்பாற்றிக் கொள்ளாத அம்மாள்தான் ரேஷியாவைக் காப்பாற்றினாள் என்று நம்ப வேண்டுமாம்.

இங்கே ஒரு தோழர் எழுந்து, ஜெனியாலிஸ் வேண்டிக் கொண்டான், வெற்றி கிடைத்தது, நன்றியாகக் கல் வைத்தான், இதில் உமக்கென்ன நஷ்டம் என்று கேட்கலாம். இதற்குப் பதில் ரோமருக்கு முன்பே கிரேக்க தேசத்தில் டயகோரஸ் என்ற நாஸ்திகன் சொல்லியிருப்பதாக சிசரோ எழுதி வைத்திருக்கிறார். கடலில் தப்பிப் பிழைத்தவர்கள் கோவிலுக்குக் காணிக்கையாக மாட்டிய படங்களைக் காட்டி, தெய்வ சகாயத்துக்கு இத்தனை ருசு பார் என்று அவனிடம் சொன்னார்களாம். வேண்டிக் கொண்டே முழுகிப் போனவர்களின் படம் எங்கே மாட்டியிருக்கிறது என்றானாம் அவன். அந்தச் சிசரோ யாரென்றால், தாமே கி. மு. 63இல் கான்சலாயிருந்தவர், சகுனம் பார்க்கும் சபையில் அங்கத்தினராகவும் இருந்தவர்! உள்ளே இருந்தவருக்கே சகுனத்தின் யோக்கியதை தெரிந்திருந்தது. ஆனாலும் வெளியிலே ஜனங்களுக்காக அது வேண்டுமென்றும் அவர் சொன்னார். படித்தவர்களுடைய இந்தக் குணத்தின் மேல் நமக்குக் கோழியை நம்பினவனை விட அதிகக் கோபம். அவனாவது உண்மையாகவே நம்பினான்.

வலேரியனும் வேண்டிக் கொண்டுதான் பாரசீகத்துக்குப் புறப்பட்டிருப்பான். அதற்குக் கல் கிடையாது. இத்தாலியிலே அகப்பட்டு, ரேஷியா வழியாக வராமல் வேறு வழியாக ஓட்டப்பட்டு, எங்கேயோ காட்டில் மாடு மேய்த்துச் செத்த இத்தாலியனும் தன் வீட்டுத் தெய்வத்தைக் கூப்பிட்டுத்தானிருப்பான். அவனுக்கும் கல் கிடையாது.

ஹொனராத்தியானஸ் மேல் நமக்கு ஒரு விரோதமும் இல்லை. நல்லவனாகவும் இருந்திருக்கலாம். அவன் தரித்த பதவிதான் பின்னும் இருநூற்றெண்பது வருஷம் சால்வையோடு இழுத்துக் கொண்டிருந்து, 541இல் பசிலியஸ் என்பவனோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு சக்கரவர்த்தியைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரை வைத்துக் கொள்ளவில்லை. வருஷத்துக்கு வேறு பெயர் வைத்துக் கொண்டார்கள்.

நேரமாகிவிட்டது. தாய்மார்கள் குழந்தைகளோடு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள். ஏதேனும் சந்தேகமிருக்கும் தோழர்கள் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினால் நமக்குத் தெரிந்த மட்டும் பதில் சொல்லுகிறோம். விளக்கு இன்னும் அரைமணி நேரம் எரியுமென்று வாசகசாலைக் காரியதரிசி சொல்லுகிறார்.